ஒன்பது உபயதாரர்களும் ஒரு குழாயும்

காற்றை எந்தப் பக்கம் போகச் சொல்வது என்பது இயற்கையின் வேலை என்று மனிதகுலம் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த மூடநம்பிக்கையை ஒரே தீர்மானத்தில் ஒழித்துக்கட்டிய பெருமை, திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில், சின்னாளப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் எங்கள் மரச்சாமான் உற்பத்தியாளர் சங்கத்தையே சேரும். தீர்மானத்தின் எண் பதினான்கு. எழுதியவன் நான். சங்கத்தின் எழுத்தர் என்ற முறையில் அதிலுள்ள முற்றுப்புள்ளி உட்பட எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு.

எங்கள் சங்கத்தில் மிஷின்கள் மூன்று. மரம் அறுக்க ஒரு ரம்ப மிஷின், பலகை இழைக்க ஓர் இழைப்பு மிஷின், இழைத்த பலகையை வழவழப்பாக்க ஓர் உப்புத்தாள் மிஷின். நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஒன்பது பேர். மிஷின் ஒன்றுக்கு மூன்று பேர் மேற்பார்வை என்ற இந்த உயர்ந்த விகிதம் வேறெந்தத் தொழிற்கூடத்திலும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. உறுப்பினர்கள் எல்லோரும் தென்னை, மல்லிகை, மக்காச்சோளம் என்று போட்டு நல்ல நிலைக்கு வந்த விவசாயிகள். மரத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது, அது வெயிலுக்கு நிழல் தரும் என்பது. அதனால் என்ன, சங்கம் நடத்துகிறவர்களுக்கு மரவேலை தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. விதிப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டேன்.

மூன்று மிஷினிலும் தூள் வரும். ரம்பத்திலும் இழைப்பிலும் வருவது கனமான தூளும் சுருளும். கீழே விழும், கூட்டி அள்ளிவிடலாம். உப்புத்தாள் மிஷினில் வருவது வேறு ரகம். முகத்துக்குப் போடுகிற பவுடரைவிட மெல்லிசு. கீழே விழாது, மிதக்கும். மிதந்து, பக்கத்தில் யார் மூச்சு விடுகிறார்களோ அவர்களிடம் போய்ச் சேரும். பதினோரு வருஷமாக அதன் பக்கத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் சோலையம்மாள்.

சோலையம்மாளுக்கு ஆறு மாதமாக இருமல். ஒருநாள் அவர் ஒரு கடிதத்தோடு தலைவர் அறைக்கு வந்தார். இவர் இனிமேல் தூசி இல்லாத இடத்தில் மட்டுமே வேலை பார்க்கலாம் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எங்கள் தலைவர் மலைச்சாமி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தூசி இல்லாத எடமா? மரப்பட்டறையில தூசி கொட்டாம, பூவா கொட்டும்?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. நாலு படி ஏறுனா இளைப்பு வருது. படுத்தா நெஞ்சுக்குள்ள விசில் அடிக்குது. நான் வேலைய விட்டா வீட்ல ஒல வைக்க முடியாது. ஒண்ணு அந்தத் தூசிய நிறுத்துங்க. இல்லேன்னா நான் நின்னுபோவேன், அம்புட்டுதான்."

தலைவர் நெகிழ்ந்துபோனார். அவர் நெகிழ்ந்தால் கூட்டம் போடுவார். கூட்டத்தில் தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுத முடிவானது. எழுதினோம். எங்கள் அதிர்ஷ்டம், ஏதோ ஒரு திட்டத்தில் ஏதோ ஓர் இயந்திரம் யாருக்கோ ஒதுக்கி, அந்த யாரோ வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றே மாதத்தில் எங்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டது. ஒரு மோட்டார், அதன் தலையில் ஆளுயரத் துணிப்பை, அடியில் நான்கு சக்கரம். கூடவே ஆறு அங்குல அகலத்தில், நாலடி நீளத்தில், சுருங்கி விரியும் குழாய் ஒன்று. குழாயை நான் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். புதுச் சாமான் வந்தால் முதல் வேலை அதுதான்.

மறுநாள் இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்க கம்பெனியிலிருந்து பானுப்ரியா என்ற பெண் ஸ்கூட்டரில் வந்தார். வயது இருபத்தாறு இருக்கும். கையில் காற்றின் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தார். வந்தவர் யாரையும் கும்பிடாமல் நேராகப் பட்டறையின் கடைசி மூலைக்குப் போய் உப்புத்தாள் மிஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான சார் வாங்கியிருக்கீங்க? உருட்டிட்டு வந்து இதுக்குப் பக்கத்துல நிறுத்துங்க. அந்த நாலடிக் குழாய மாட்டுங்க. வேலை முடிஞ்சிது" என்றார்.

தலைவர் முகத்தில் அருவருப்பு தெரிந்தது. ஒரு திட்டம் இவ்வளவு சீக்கிரம் முடிவதை அவர் பொதுவாழ்க்கையில் பார்த்ததில்லை.

"ஏத்தா, வாரவுக வாசல் வழியாத்தான வருவாக? மூலையில வச்சா யாருக்குத் தெரியும்?"

"தூசி மூலையிலதான சார் வருது."

"தூசி வரட்டும். மிஷினு வாசல்லதான் நிக்கணும். பைப்பு போட்டு இழுத்துக்கிருவோம். பைப்பு எதுக்கு இருக்கு?"

பானுப்ரியா பொறுமையான பெண். வாசலிலிருந்து மூலை வரை நடந்து அளந்தார். நாற்பத்தைந்து அடி. பிறகு அங்கிருந்த பலகை ஒன்றில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினார். வாசலில்தான் வைப்பேன் என்றால் வைக்கலாம். ஆனால் குழாய் ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நேராகப் போகவேண்டும். திருப்பியே ஆகவேண்டும் என்றால் சாலை வளைவதுபோல் மெதுவாகத் திருப்பவேண்டும். சுவரில் முட்டினதுபோல் மடக்கக் கூடாது. கிளை பிரிப்பதும் சாய்வாகத்தான். ஒவ்வொரு கிளைக்கும் ஓர் அடைப்புத் தகடு வேண்டும். ஓடுகிற மிஷினுக்கு மட்டும் திறந்துவிட்டு மற்றதை மூடிவிட வேண்டும்.

"காத்து ரொம்பச் சோம்பேறி சார்" என்று முடித்தார். "பக்கத்துல ஒரு ஓட்டை இருந்தா அதோட நின்னுக்கும். தூரத்துல யாரு கஷ்டப்படுறாங்கன்னு பாக்காது."

நிர்வாகக் குழு அதைக் கேட்டுக்கொண்டது. காற்றைப் பற்றி இப்படிப் பேசுவது யாரையோ மனதில் வைத்துப் பேசுவதாக ஒரு சிலருக்குப் பட்டது.

தலைவர் மலைச்சாமிக்கு ஏழு ஆழ்துளைக் கிணறுகள். எழுநூறு அடி ஆழத்தில் இருப்பதை மேலே இழுக்கத் தெரிந்தவருக்கு மேஜைமேல் இருக்கும் தூளை இழுப்பது ஒரு வித்தையா? அவர் எழுந்து, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை எடுத்துவரச் சொன்னார். குழாயைத் திறந்ததும் தண்ணீர் சாதாரணமாக விழுந்தது. பிறகு கட்டைவிரலால் வாயைப் பாதி அடைத்தார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு எதிர்ச்சுவரில் போய் அடித்தது. வழியில் நின்ற என் சட்டையையும் நனைத்தது.

"பாத்தியாத்தா? பைப்பு சிறுசானா போர்சு கூடும். அகலமாப் போடுங்குறியே நீயி."

"அது தண்ணியத் தள்ளுறது சார். இது காத்தை இழுக்குறது."

"தண்ணி போற பைப்புல காத்து போகாதா?"

"போகும் சார். ஆனா..."

"போகும்னு பாப்பாவே ஒத்துக்கிருச்சு. எழுதிக்கப்பா."

எழுதிக்கொண்டேன். அதுதான் தீர்மானம் எண் பதினான்கு. "காற்றின் வேகத்தை அதிகரிக்கும் பொருட்டு, குழாயானது போகப்போகச் சிறுத்துச் செல்லும் விதமாக அமைக்கப்படும்; தொழில்நுட்பாளர் ஒப்புதல் அளித்தார்."

குழாய் எங்கே வாங்குவது என்ற பேச்சு வந்தபோது ஒன்பது உறுப்பினர்களும் ஒரே குரலில், வாங்கவே வேண்டாம், உபயமாகத் தருகிறோம் என்றார்கள். கோயிலுக்குக் குழல்விளக்கு உபயம் செய்தால் அதில் பேர் எழுதுவது நம் வழக்கம். பேர் பெரிதாக இருந்தால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. அதே முறையில் எங்கள் குழாயும் எழும்பியது. ஆளுக்கொரு துண்டு. அவரவர் தோட்டத்தில் என்ன கிடந்ததோ அது வந்தது. தலைவர் போர் பைப்பு கொண்டுவந்தார், நாலு அங்குலம். ஒருவர் சாக்கடைக்கு வாங்கி மிஞ்சின ஆறு அங்குலம். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் பொன்னழகு, சொட்டுநீருக்கு வாங்கின இரண்டரை அங்குலக் குழாயை ஆட்டோவில் மாலை போட்டு ஏற்றி வந்தார்.

நாலுக்குப் பிறகு ஆறு, ஆறுக்குப் பிறகு மூன்று, மூன்றுக்குப் பிறகு நாலு என்று குழாய் வளர்ந்தது. போகப்போகச் சிறுக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்கு இது கொஞ்சம் முரண்தான். ஆனால் யார் துண்டு முன்னால் வருவது என்பதை விட்டம் பார்த்து முடிவுசெய்ய முடியாது; வயது பார்த்துத்தான் செய்யமுடியும். வயதில் இளையவர் பொன்னழகு. ஆகவே அவருடைய இரண்டரை அங்குலம் கடைசியாக, சரியாக உப்புத்தாள் மிஷினுக்குப் போய்ச் சேர்ந்தது. தம் பேர் வாசலிலிருந்து தெரியாது என்று அவர் கோபித்துக்கொண்டு கிளம்பியதால், குழாயை ஒரு தடவை வாசல் பக்கம் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்ப மூலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது.

குழாய் நேராகப் போகவேண்டும் என்று பானுப்ரியா சொன்னதையும் நாங்கள் மதித்தோம். நேராகத்தான் போனது. சாமி படத்துக்கு மேலே குப்பைக் குழாய் போகக்கூடாது என்பதால் அங்கே மட்டும் கீழே இறங்கியது. முன்னாள் தலைவர்களின் பெயர்ப்பலகையை மறைக்கக்கூடாது என்பதால் அங்கே மட்டும் சுற்றிக்கொண்டு போனது. மின்விசிறியை மாற்றினால் கரண்ட்காரரைக் கூப்பிட வேண்டும் என்பதால் அங்கே மட்டும் ஏறி இறங்கியது. மொத்தம் பதினேழு மடக்கு. எல்லாம் தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் எல்போ. நாற்பத்தைந்து அடி தூரத்தை எங்கள் குழாய் நூற்றுப் பத்து அடியில் கடந்தது.

வாய்கள் எத்தனை என்பதிலும் சங்கம் கஞ்சத்தனம் காட்டவில்லை. மிஷின் மூன்றுக்கு மூன்று வாய். தலைவர் மேஜையிலும் தூசி படிகிறது என்பதால் அவர் அறைக்கு ஒரு வாய். கூட்ட அறைக்கு ஒரு வாய். டீ போடும் இடத்தில் ஈ அதிகம் என்பதால் அங்கே ஒரு வாய். ஆறு வாய்க்கும் அடைப்புத் தகடு போட்டுத்தான் கொடுத்தார் பானுப்ரியா. ஆனால் யாருடைய வாயை அடைப்பது என்ற கேள்வி எழுந்தது. தலைவர் அறையை அடைக்கச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. கூட்ட அறையை அடைத்தால் ஜனநாயகம் என்னாவது? டீ போடும் இடத்தை அடைக்கச் சொன்னால் அடிதடி ஆகிவிடும். "எல்லா வாயும் எந்நேரமும் திறந்தே இருக்கும்" என்று தீர்மானம் பதினைந்து நிறைவேறியது. தகடுகளைக் கழற்றி நான் பதிவேட்டில் ஏற்றினேன்.

மூட்டுகளில் விட்டத்துக்கு விட்டம் பொருந்தாமல் இடைவெளி விழுந்தது. சின்னாளப்பட்டியில் நமக்கா துணிக்குப் பஞ்சம்? பழைய சுங்குடிச் சேலைகளைக் கிழித்துச் சுற்றினோம். பச்சையும் சிவப்புமாகப் புள்ளிபுள்ளியாகப் பார்க்க லட்சணமாக இருந்தது. குழாயைப் போட்டோ எடுத்து, அதற்கென்றே தொடங்கிய "காற்று நம் கையில்" வாட்ஸாப் குழுவில் தலைவர் போட்டார். ஒன்பது பேரும் கைகூப்பினார்கள்.

சோதனை ஓட்டத்தன்று மோட்டாரைப் போட்டதும் கட்டடமே உறுமியது. சுங்குடித் துணிகள் எல்லாம் இடைவெளிக்குள் உள்வாங்கிக்கொண்டன. நிர்வாகக் குழு கைதட்டியது. மூலையில் சோலையம்மாள் மிஷினைப் போட்டார். ஐந்து நிமிஷத்தில் அவருடைய தலைமுடி வெள்ளையானது. இழைப்பு மிஷின் ஓட்டும் சகாயராஜ் ஒரு காகிதத் துண்டை எடுத்து உப்புத்தாள் மிஷினின் குழாய் வாயில் பிடித்தார். காகிதம் அசையவில்லை. அவர் ஊதிப் பார்த்தார். அப்போது அசைந்தது.

அதே நேரத்தில் தலைவர் அறையிலிருந்து சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். இயந்திரத்துக்கு மிகவும் பக்கத்தில் இருந்த வாய் அதுதான். நாள்காட்டியின் தேதித் தாள்கள் படபடவென்று கிழிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. தலைவர் ஒரு கையால் துண்டையும் மறு கையால் வெற்றிலைப் பொட்டலத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார். பிடிக்க மூன்றாவது கை இல்லாததால், மேஜைமேல் இருந்த டாக்டர் கடிதம் எழும்பி, குழாய் வாயில் ஒரு கணம் ஒட்டி நின்று, பிறகு மடங்கி உள்ளே போனது. மோட்டாரின் இறக்கையில் பட்டு அது என்ன ஆனது என்று எழுதத் தேவையில்லை. இயந்திரம் வந்த பிறகு சோலையம்மாள் விஷயத்தில் எடுக்கப்பட்ட முதல் நடவடிக்கை அது.

"பாத்தியளா போர்ச?" என்றார் தலைவர், பூரிப்போடு. "அங்குட்டு மட்டும் ஏன் இழுக்க மாட்டேங்குது?"

ஒன்பது பேரும் குழாயைத் தடவிப் பார்த்தார்கள். வாழ்நாளெல்லாம் கிணற்று மோட்டாரோடு மல்லுக்கட்டினவர்கள். நோய் என்னவென்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கிணற்றுக் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று புகுந்துகொண்டால் சொல்வதைப் பொன்னழகுதான் முதலில் சொன்னார்.

"அண்ணே, மோட்டாரு ஏர் வாங்குது."

"அதான பாத்தேன். ஏர் பிடிச்சிருச்சு."

பானுப்ரியா தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், அது ஏர் வாங்குறதுக்குன்னே செஞ்ச மோட்டார் சார்."

"ஏர் வாங்குனா எந்த மோட்டாருத்தா இழுக்கும்? செத்த நேரம் சும்மா இரு. இது எங்க பொழப்பு."

கிணற்றில் தண்ணீர் திரும்ப இறங்கிவிடாமல் தடுக்க, குழாயின் அடிநுனியில் ஒரு ஃபுட் வால்வு மாட்டுவார்கள். உப்புத்தாள் மிஷினின் வாயில் அதை மாட்டினார்கள். உள்ளே பிடித்திருக்கும் காற்றை வெளியேற்ற மோட்டார் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். இங்கே இயந்திரத்தின் பக்கத்து மூட்டைப் பிரித்து, டீ போடுகிற இடத்திலிருந்து மூன்று குடம் கொண்டுவந்து ஊற்றினார்கள். பானுப்ரியா ஸ்விட்ச் பெட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அதனால் மோட்டார் எரியாமல் தப்பித்தது. நூற்றுப் பத்து அடிக் குழாய்க்குள் தங்கியிருந்த தூள் மட்டும் களியாகக் கிண்டப்பட்டு, பதினேழு எல்போவிலும் அமர்ந்துகொண்டது.

அதைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது. சுரண்டியவர் சோலையம்மாள். தூசி இல்லாமல் அவர் வேலை பார்த்த இரண்டு நாட்கள் அவைதான் என்று சங்கத்தின் சாதனையாகக் குறித்துவைத்தேன்.

போகும் முன் பானுப்ரியா தம் கருவியை எல்லா வாயிலும் வைத்து அளந்தார். தலைவர் அறையில் விநாடிக்கு இருபத்திரண்டு மீட்டர். கூட்ட அறையில் ஒன்பது. டீ இடத்தில் ஆறு. ரம்பத்தில் இரண்டு. இழைப்பில் ஒன்று. உப்புத்தாள் மிஷினில் முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. அதை அப்படியே எழுதி, "இதைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை மூலைக்கு உருட்டவும்" என்று அடியில் கோடிட்டு என்னிடம் கொடுத்தார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க சார். அந்தம்மா இருமுறதப் பாத்தா பயமா இருக்கு."

"கோப்புல வைக்கிறேன்மா" என்றேன். வைத்தேன். என் சொல்லை நான் மீறியதில்லை.

திறப்பு விழா ஒரு நல்ல நாளில் நடந்தது. மேலிடத்திலிருந்து சிறப்பு விருந்தினர் ஒருவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். வெள்ளையில் தூசி படக்கூடாதல்லவா? ஆகவே மர மிஷின்கள் மூன்றையும் முந்தின நாளே நிறுத்தி, கழுவி, பொட்டு வைத்திருந்தோம். தூசி உறிஞ்சி மட்டும் ஓடியது. விருந்தினர் தலைவர் அறையில் உட்கார்ந்து கைக்குட்டையை நீட்டினார். குழாய் அதைப் பிடுங்கிக்கொண்டது. அவர் அசந்துபோனார். பட்டறையைச் சுற்றிப் பார்த்துக் காற்றில் கையை வீசினார். ஒரு துளி தூசி இல்லை. அங்கேயே உட்கார்ந்து "தூசியற்ற தொழிற்கூடம்" என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். சோலையம்மாள் ஆரத்தி எடுத்தார். எடுக்கும்போது இருமல் வந்து சூடம் அணைந்துவிட்டது. சகுனம் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மறுநாள் மிஷின்கள் ஓடின. வழக்கம்போல் மூலை வெள்ளையானது. மத்தியானம் சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலைவர் அறைக்கு வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அண்ணே, தூசி அப்படியேதான் இருக்கு."

தலைவர் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். "தூசி இல்லைன்னு கவுருமெண்டு எழுதிக் குடுத்திருக்கு. நீ இருக்குங்குற. நான் யாரத்தா நம்புறது?"

"என் தலையப் பாருங்கண்ணே."

"தலைய நீ ஒழுங்கா முடிஞ்சுட்டு வரணும். டாக்டரு என்னமோ எழுதிக் குடுத்தாருல்ல, அதக் காட்டு, பாப்போம்."

கடிதம் எங்கே போனது என்று, கோப்போடு அங்கே நின்ற என்னையும் சேர்த்து மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் குழாயைப் பார்த்தோம். 

சோலையம்மாள் என் பின்னாலேயே வெளியே வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். "அண்ணே, அந்த மிஷினு கூட வந்துச்சே, நாலடிக் குழாயி. அது எங்க இருக்கு?"

எனக்கும் கண் இருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டுப் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு இந்த வாசலில் ஏறி வந்த மனுஷி, இப்போது பத்தடி நடந்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைப் பதிவேட்டில் ஏற்ற இடமில்லை. "டீ குடிச்சுட்டு வாரேன்" என்று எழுந்தேன். அலமாரிச் சாவியை மேஜைமேல் மறந்து வைத்துவிட்டேன். என் இருபத்துமூன்று வருஷப் பணியில் சாவியை மறந்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தபோது வாசலில் இயந்திரம் நின்ற மேடை காலியாக இருந்தது. சோலையம்மாளும் சகாயராஜும் பலகையைச் சாய்வாகப் போட்டு இயந்திரத்தை இறக்கி, மூலைக்கு உருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நாலடிக் குழாயின் ஒரு முனை இயந்திரத்தில், மறு முனை உப்புத்தாள் மிஷினின் அடியில். மடக்கு இல்லை, கிளை இல்லை, உபயம் இல்லை. ஸ்விட்சைப் போட்டார்கள். சகாயராஜ் நீட்டிய காகிதம் அவர் கையை விட்டுப் பறந்து உள்ளே போனது.

சோலையம்மாள் ஒரு கதவுச் சட்டத்தை வைத்துத் தேய்த்தார். தூள் எழும்பவில்லை. எழும்பும் முன்பே போய்விட்டது. பட்டறையின் மூலையில் ஒரு சுவர் இருப்பதையும், அதில் ஒரு ஜன்னல் இருப்பதையும் நான் அன்றைக்குத்தான் தெளிவாகப் பார்த்தேன். அவர் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். சட்டத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒன்றுமே செய்யாமல் கொஞ்ச நேரம் நின்றார். மூச்சு விடுகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"எப்படிக்கா இருக்கு?" என்றார் சகாயராஜ்.

"இந்த மரத்துக்கு வாசம் இருக்குடா. வேம்பு." அவர் சிரித்தார். "இம்புட்டு நாளா எல்லா மரமும் ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு."

தலைவர் பட்டறைப் பக்கம் வராததால் அந்தப் பொற்காலம் மூன்று நாள் நீடித்தது. நாலாம் நாள் பொன்னழகு தம் மாப்பிள்ளை வீட்டாருக்குக் குழாயில் தம் பேரைக் காட்ட அழைத்து வந்தார். பேர் இருந்தது. குழாய் இருந்தது. ஆனால் குழாயின் இன்னொரு நுனியில் ஒன்றும் இல்லை. சம்பந்திமார் அதற்குள் எட்டிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார்கள். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன அவமானம் வேண்டும்?

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். உபயதாரர் ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். பொன்னழகு கண்கலங்கினார். தலைவர் மேஜையைத் தட்டினார்.

"பொதுச் சொத்தப்பா அது. ஆறு வாய்க்கு வந்த காத்து. ஒரு பொம்பளை தன் ஒருத்திக்குன்னு இழுத்து வச்சுக்கிட்டா, மத்த அஞ்சு வாயும் என்ன பாவம் செஞ்சுச்சு?"

"அந்த அஞ்சு வாயில ஒண்ணு டீ போடுற எடத்துல இருக்குண்ணே" என்றார் சகாயராஜ், சோலையம்மாளோடு கதவோரம் நின்றபடி.

"தொழிலாளிகளுக்குக் கூட்டத்துல பேச உரிமை இல்ல" என்று நான் விதியை எடுத்துச் சொன்னேன். அந்த விதி உண்மையிலேயே புத்தகத்தில் இருக்கிறது.

"அலமாரியத் தொறந்தது யாரு?" என்று தலைவர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சோலையம்மாளும் என்னைப் பார்த்தார். சாவியை நான் எங்கே வைத்தேன், ஏன் வைத்தேன் என்று அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நாந்தாண்ணே எடுத்தேன்" என்றார் சோலையம்மாள்.

இயந்திரம் அன்றே மேடைக்குத் திரும்பியது. நான்கு சக்கரங்களும் கழற்றப்பட்டுப் பதிவேட்டில் ஏறின. நாலடிக் குழாய் மீண்டும் அலமாரிக்குள் போனது. சோலையம்மாளுக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை தயாரிக்கும்படி எனக்கு உத்தரவானது. நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதினேன். "சங்கத்துக்கும் உபயதாரர்களுக்கும் பொதுவான காற்றை, எவ்வித அனுமதியும் இன்றி மூன்று நாட்கள் தன் சொந்த மூச்சுக்குப் பயன்படுத்திக்கொண்டதற்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?" சொந்த மூச்சு என்ற இடத்தில் தலைவர் என்னைப் பாராட்டினார்.

சோலையம்மாள் எட்டாவது வரை படித்தவர். குறிப்பாணையை என் மேஜையிலேயே வைத்து, என் பேனாவையே வாங்கி, அதன் பின்பக்கத்தில் ஒரே வரி எழுதினார். "மூச்சு விட்டது உண்மைதான்." கீழே கையெழுத்துப் போட்டார். இருமிக்கொண்டே வாசல் இறங்கிப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

உப்புத்தாள் மிஷின் இப்போது ஓடுவதில்லை. எனவே எங்கள் பட்டறையில் தூசி இல்லை. சான்றிதழில் எழுதியிருப்பது இன்று முழு உண்மை. திட்டம் வெற்றி என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டோம். சோலையம்மாளின் கோப்பை மட்டும் முடிக்கவேண்டியிருந்தது. நேற்று அதை எடுத்து, அவர் எழுதிய வரிக்குக் கீழே, "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன்.